மேபெல் ஒழுக்கிய படங்கள்

இண்டியானா மாநிலத்து பெல்மோரில், டெல்மர் ஹோக்கின் பழைய நீலக் கார் 1977 மார்ச் இரண்டாம் வாரத்திலிருந்து தான் ஒழுக்கும் எண்ணெயால் அவருடைய மகளைப் படம் வரைந்துவந்தது. அந்த வாரம் சோளவிதை விலை ஏறியது, லூத்தரன் சர்ச் கூரைக்குத் தார் பூசினார்கள், இந்தக் கார் படம் போட்டது. ஊர் மூன்றையும் இதே வரிசையில்தான் பேசியது. கார் 1953-ல் செய்தது, பெயர் மேபெல். பழைய கார் வைத்திருக்கிற எல்லோரும் செய்வதுபோல, எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்துகொள்ள டெல்மர் அதன் வயிற்றுக்கடியில் ஓர் அட்டையை விரித்துவிட்டுப் போனார். காலையில் பார்த்தால், சொட்டு இருக்கவேண்டிய இடத்தில் மகள் கொரீன் இருந்தாள். ஏதோ பேருந்து நிலையத்தில் பெட்டிமேல் உட்கார்ந்து ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்தாள். இடது புருவத்துத் தழும்புகூட விட்டுப்போகவில்லை.

கொரீன் வீட்டைவிட்டுப் போய் அப்போது ஐந்து மாதம். அந்தக் கதையும் மேபெலால் வந்ததுதான். அப்பாவின் பிறந்தநாளுக்கென்று அவள் காரின் கார்புரேட்டரை ரகசியமாகக் கழற்றிக் கழுவி, கசிவை அடைக்கும் புது பேக்கிங் வைத்து மாட்டினாள். வண்டி பூனைபோல உறுமிக் கிளம்பியது. கேக் வெட்டவந்த விருந்தாளிகள் கைதட்டினார்கள். டெல்மர் ஸ்பானரை எடுத்து, அவள் முடுக்கிய போல்ட் ஒவ்வொன்றையும் எல்லோர் முன்னாலும் தளர்த்தித் தன் கையால் மறுபடி முடுக்கினார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, மனிதருக்கு அது மூச்சு விடுவதுபோல. “இந்த வீட்டுல உங்க ஒருத்தர் கைக்குத்தான் வேலை தெரியும், இல்லப்பா?” என்று கேட்டுவிட்டு மறுநாள் போனவள்தான். கிறிஸ்துமஸுக்கு அம்மா பெயருக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும். முகவரி இருக்காது.

டெல்மர் முதலில் இதை ஒரு கோளாறாகத்தான் எடுத்துக்கொண்டார். எஞ்சினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைத்தார். காலுக்குப் போடும் பவுடரை அதன்மேல் தூவி, வண்டியை ஓடவிட்டு, பவுடர் எங்கே ஈரமாகிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தார். எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் சேம்பரில், பின்பக்க மூலை பேக்கிங்கில் கசிவு. சொட்டு நேராகத்தான் விழுந்தது, காற்றுகூட அடிக்கவில்லை, ஆனாலும் விடிந்தால் மகள். அட்டையை மாற்றினார், எண்ணெயை மாற்றினார். கெட்டி எண்ணெய் ஊற்றிய மாதம் கொரீன் கொஞ்சம் குண்டாகத் தெரிந்தாள், அவ்வளவுதான். சேம்பரை இறக்கிப் புது பேக்கிங் போட்டால் ஒரே நாள் வேலை. அதற்கு அவர் மனைவி வெர்னா விடவில்லை.

“நீ அதுல கைய வச்சே, நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன்,” என்றாள். “எம்பொண்ணு சாப்ட்டாளா தூங்கினாளான்னு எனக்கு வேற யாரு வந்து சொல்றா?”

அதனால் நாலு வருடம் மேபெல் ஒழுகியது. வெர்னா காலையில் காபியை அடுப்பில் வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போய் அட்டையை உருவிக்கொண்டு வருவாள். கொரீன் ஓட்டலில் தட்டு கழுவினாள், முடியை வெட்டிக்கொண்டாள், காய்ச்சலில் மூன்று நாள் படுத்துக் கிடந்தாள். அந்த மூன்று நாளும் இந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. பிறகு ஏதோ ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். எந்த ஊர் என்றுமட்டும் மேபெல் சொல்லவில்லை. படம் உள்ளங்கை அளவுதான், ஆளைத் தவிர வேறெதற்கும் அதில் இடமில்லை. டெல்மர் பார்க்காததுபோல் பார்ப்பார், வாரத்துக்கு ஒரு குவார்ட், கிட்டத்தட்ட ஒரு லிட்டர், எண்ணெய் ஊற்றுவார். தன் வண்டி ஒழுகுவதும் அதைத் தான் விட்டுவைத்திருப்பதும் அவருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டேயிருந்தது.

1981 கோடையில், மாவட்டச் சந்தையில் பழைய கார்களை வரிசையாக நிறுத்திப் பரிசு கொடுக்கும் நாளில், பக்கத்துவீட்டு ரோலி மேபெலுக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு நாலு பேர் கேட்கச் சொன்னார்: “என்னப்பா டெல்மர், கிழவிக்கு ஒரு டயப்பர் கட்டிவிடுறதுதானே?” அவ்வளவுதான். மறுநாள் ஞாயிறு. வெர்னா சர்ச்சுக்குப் போயிருந்த நேரத்தில் டெல்மர் சேம்பரை இறக்கி, விளிம்பைத் தட்டிச் சமன்செய்து, கார்க் பேக்கிங் வைத்து, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கிக்கொண்டுபோய் முடித்தார். அழகான வேலை. திங்கட்கிழமை அட்டை சலவைக்குப் போய்வந்த சட்டைபோல இருந்தது.

வெர்னா தங்கை வீட்டுக்குப் போகவில்லை. அதைவிட மோசமாக, வீட்டிலேயே இருந்துகொண்டு பேச்சை நிறுத்தினாள். காலையில் வெறும் அட்டையை எடுத்துவந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பாள். எட்டு நாள் பொறுத்துப் பார்த்த டெல்மர், ஒன்பதாம் நாள் தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வேலையைக் கெடுத்துவைக்க வண்டிக்கடியில் போனார். முடியவில்லை! மூலை போல்டைத் தளர்த்துவார், கை தானாகவே திரும்ப முடுக்கிவிடும். கிழிந்த பேக்கிங்கை வைப்பார், வைக்கும்போதே விரல்கள் கிழிசலை ஒட்டிவிடும். மூன்று மாதத்தில் பதினோரு முறை சேம்பரை இறக்கி ஏற்றினார். ஒவ்வொரு முறையும் போன முறையைவிட நன்றாக அடைத்துக்கொண்டது. கடைசி நாள் வண்டிக்கடியில் படுத்தபடியே அழுதார். அவருடைய பூட்ஸ் குலுங்குவதை வெர்னா சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தாள்.

அவள் ஏப்ரனோடு வந்தாள். “வெளிய வா. அந்தப் பெரிய ஸ்பானரக் குடு, நான் கெடுக்குறேன்,” என்றாள். ஸ்பானர் பிடித்துப் பழகாத அந்தப் பெண் உள்ளே போய், ஒரே மூலையில் ஒரே போல்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கு முடுக்கென்று முடுக்கினாள். இறுக்கினால்தான் ஒழுகாது என்று நினைப்பவர்கள்தான் உலகத்தில் பாதிப் பேர்; அளவுக்குமேல் இறுக்கினாலும் ஒழுகும். சேம்பரின் விளிம்பு வளைந்தது, பேக்கிங் பிதுங்கியது, மேபெல் முன்னெப்போதும் இல்லாத அளவுக்குப் பொலபொலவென்று ஒழுகினாள். காலையில் அட்டை விளிம்புவரை படம் நிறைந்திருந்தது. கொரீன் ஒரு லாரிக்கடியில் படுத்து சேம்பர் மாட்டிக்கொண்டிருந்தாள்.

“ஐயோ, ஓரத்துலேருந்து முடுக்குறா பாரு! நடுவுலேருந்துல்ல வரணும்?” என்று டெல்மர் தலையில் அடித்துக்கொண்டார்.

“மடையா, பின்னாடி செவுத்தப் பாரு,” என்றாள் வெர்னா.

சுவரில் ஒரு போர்டு தொங்கியது. அதில் பட்டறையின் பெயர், டுலூத் என்ற ஊர்ப்பெயர், தொலைபேசி எண். ஏழு மட்டும் கொஞ்சம் ஊறிப்போயிருந்தது, ஆனாலும் படிக்க முடிந்தது.

டெல்மர் இரண்டு முறை பாதி எண்ணில் ரிசீவரை வைத்துவிட்டு மூன்றாம் முறை முழுசாகச் சுழற்றினார். “கொரீன், அப்பா பேசுறேம்மா.” நடுவிலிருந்து முடுக்கவேண்டும் என்ற வாக்கியம் அவர் நாக்கு நுனியில் நின்றது. அதை விழுங்கினார். “மேபெல் ஒழுகுது. நீ வந்து பாக்கணும்.”

“யாருகிட்ட கதை விடுறீங்க? உங்களுக்குத் தெரியாத வேலையா?”

“நெஜமாத்தான் சொல்றேன். நான் சரி பண்ணா எல்லாம் தப்பாப் போயிடுது. அன்னிக்கு நீ மாட்டின கார்புரேட்டர் நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு குறையும் இல்ல.”

அவள் அழுதாள். டெல்மரும் அழுதார். வெர்னா ரிசீவரைப் பிடுங்கி, எத்தனை மணிக்குப் பஸ் என்று கேட்டாள்.

அடுத்த வாரம் கொரீன் வந்தாள். அலமாரியில் அடுக்கியிருந்த ஆயிரத்துச் சொச்சம் அட்டைகளையும் பார்த்தாள். “கருமம், இந்த முடி வெட்டுனதையுமா பாத்தீங்க?” என்றாளே தவிர, வேறெதுவும் கேட்கவில்லை. பிறகு வண்டிக்கடியில் போய் வளைந்த விளிம்பை நிமிர்த்தி, புது பேக்கிங் வைத்து, ஓரத்திலிருந்தே முடுக்கிக்கொண்டு வந்தாள். டெல்மர் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் படுத்திருந்தார். அவருக்குக் கை அரித்தது, நெற்றியில் வியர்த்தது, வாய் திறக்கவில்லை. அவள் ஸ்பானரைத் துடைத்து வைத்த பிறகும் அவர் ஒரு போல்டைத் தொடவில்லை. பின்மூலையில் ஒரு சொட்டு திரண்டு தொங்குவதை இருவருமே பார்த்தார்கள். “சும்மா நூறு மைல் ஓடினா நின்னுடும்,” என்றாள் கொரீன். “நிக்கட்டும், நிக்காட்டியும் போகட்டும்,” என்றார் டெல்மர்.

நிற்கவில்லை. அவள் ஊருக்குத் திரும்பிய மூன்றாம் நாள் காலை, அட்டையில் உள்ளங்கை அளவுக்குத் தன் அறையில் நின்று முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். “நல்லபடியாப் போய்ச் சேந்துட்டா,” என்றாள் வெர்னா. டெல்மர் ஒரு குவார்ட் எண்ணெய் எடுத்துவந்து மேபெலுக்கு ஊற்றினார்.