இறக்கக்கண்டியிலிருந்து கடலுக்குள் போன கயிறு

இறக்கக்கண்டியில் முனாஸின் குசினித் தூணிலிருந்து கடலுக்குள் போன பச்சை நைலோன் கயிறு ஏழு வருடமும் நான்கு மாதமும் தளராமல் நின்றது. கடையில் வாங்கியபோது அது முப்பது மீற்றர்ச் சுருள். வீட்டிலிருந்து கரைக்கே அறுபது மீற்றர் இருக்கும். 2018 மார்ச்சில் ஒரு காலை முனாஸ் கூரைத் தகரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். மீன் பட்டிருக்கிறதென்று யாரோ கரையிலிருந்து கத்த, ஒரு முனை தூணிலும் மறுமுனை தன் இடுப்பிலும் இருப்பதை மறந்து போட்டில் ஏறிப் போனான். திரும்பி வரவில்லை. கடற்படை நான்கு நாள் தேடியது. அவனுடைய மச்சான்மார் இரண்டு பேர் கயிற்றின் வழியே பதினெட்டு மைல் போனார்கள். எண்ணெய் பாதியானதும், கயிறு அதற்கு அப்பாலும் விறைப்பாகக் கிழக்கே போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

கையில் கயிறு இல்லாமல் முனாஸை யாரும் கண்டதில்லை. அறுந்த செருப்பு, பிடி உடைந்த வாளி, காற்றில் அடிக்கும் கதவு எல்லாவற்றையும் அவன் கயிற்றால் சரிக்கட்டினான். மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்த பக்கத்து வீட்டுக்காரரைத் துடுப்போடு வைத்துக் கட்டித்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினான். அந்தக் கட்டை அவிழ்க்க அங்கே இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அவன் மனைவி ஸல்ஹா நாற்பது நாள் கடலுக்குப் போன கயிற்றைத் தொடவில்லை. நாற்பத்தோராம் நாள் மகள் அம்ராவின் பள்ளிச் சட்டையை அதில் காயப்போட்டாள். பிறகு கருவாடு தொங்கியது. சுற்றுலாப் படகுகளின் எஞ்சினில் சிக்காதிருக்க, ஊரார் கயிற்றில் வெள்ளைக் கலன்களைக் கட்டி மிதக்கவிட்டார்கள். இடைக்கிடை கடல் பக்கமிருந்து ஒருதரம் இழுபடும். குசினியில் சட்டிகள் அதிரும். அம்ரா பதிலுக்கு ஒருதரம் இழுத்துவிட்டுப் பாடத்தைத் தொடருவாள்.

2020 டிசம்பர்ப் புயலில், எஞ்சின் நின்றுபோன இரண்டு போட்டுகள் அந்தக் கயிற்றில் போய் முட்டின. அவற்றிலிருந்த ஐந்து பேரும் கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்து, ஸல்ஹாவின் முற்றத்தில் வந்து ஏறினார்கள். அன்றிலிருந்து கடலுக்குப் போகிறவர்கள் தூணைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

ஸுஹைர் கிண்ணியாவிலிருந்து லொறியில் ஐஸ் கொண்டுவருபவன். மனைவியை இழந்தவன். மூன்று வருடம் ஐஸை இறக்கிவிட்டுப் பேசாமல் போனவன், நாலாம் வருடம் வேலிக்கு வெளியே நின்று, "உங்களுக்கு விருப்பமெண்டாச் சொல்லுங்க, நான் முறையா வந்து கேக்கிறன்" என்றான். ஸல்ஹா ஒரு கிழமை யோசித்தாள். பிறகு, முஸ்லிம்களின் மணமுறிவு வழக்குகளைத் தீர்க்கும் காதியாரிடம் போனாள். காதியார் வீட்டுக்கே வந்து, கயிற்றில் கையை வைத்துக்கொண்டு அசர் தொழுகை வரை கதிரையில் இருந்தார். கயிறு ஒருதரம் இழுபட்டது.

"மையத்து கயிறு இழுக்காது, மகள்" என்றார். "ஆள் உசிரோட இருக்கிறார். நீங்க கைம்பெண் இல்லை. அவர் விட்டாத்தான்."

விஷயம் ஊருக்குள் பரவியதும் புயலில் தப்பிய ஐந்து பேரும் வந்தார்கள். கயிறு போனால் கடலுக்குப் போகிறவர்களின் கதி என்னவென்று கேட்டார்கள். "இது இப்ப ஊருக்குச் சொந்தமான கயிறு, ராத்தா" என்றான் ஒருவன்.

"கயிறு ஊருக்கு. புருஷன் எனக்கு" என்றாள் ஸல்ஹா. அவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

2025 ஜூலையில் அவள் அம்ராவின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எழுதினாள். "அம்ரா ஒன்பதாம் வகுப்புக்கு வந்திட்டா. கணக்கு நல்லா ஓடுது, இங்கிலீஷ் ஓடுதில்லை. கூரையை ரெண்டு தரம் மாத்தினனான். எங்க இருக்கிறீங்க எண்டு கேக்கயில்லை. வர ஏலுமெண்டா வந்திருப்பீங்க. எனக்கு முப்பத்தாறு வயசு. உங்களில கோவமில்லை. என்னை விடுங்க." தாளைப் பொலித்தீனில் சுற்றி, வாயை மெழுகுதிரியால் ஒட்டி, கயிற்றில் வழுக்கிப் போகும்படி ஒரு வளையமாகக் கட்டிவிட்டாள். அது எதிர்க்காற்றில் கரையைக் கடந்து, ஒவ்வொரு கலனையும் தாண்டிப் போய் மறைந்தது.

பதினோராம் நாள் மத்தியானம் அம்ரா வாசலில் வந்து நின்று, "உம்மா, உடுப்பெல்லாம் மண்ணில கிடக்கு" என்றாள்.

கயிறு தளர்ந்து கிடந்தது. ஸல்ஹா தனியாக இழுக்கத் தொடங்கினாள். உள்ளங்கை கிழிந்ததும் ஸுஹைர் லொறியை நிறுத்திவிட்டு வந்து பிடித்தான், பிறகு அந்த ஐந்து பேர், பிறகு ஊர். மூன்று பகல் இழுத்தார்கள். முற்றத்தில் கயிறு வேலிக்கு மேலே குவிந்தது. கடைசி முனை வந்தபோது அது அறுந்திருக்கவில்லை. கத்தியால் நேராக வெட்டி, பிரியாதபடி நெருப்பில் உருக்கி, விரலால் நசுக்கியிருந்தது. உருகிய நைலோனில் பெருவிரல் ரேகை அப்படியே இருந்தது. ஸல்ஹா அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இன்னும் சூடா இருக்கு" என்றாள். அதற்குப் பிறகுதான், அத்தனை பேருக்கும் முன்னால், மணலில் உட்கார்ந்து அழுதாள்.

காதியார் கண்ணாடியைப் போட்டு ரேகையைப் பார்த்தார். "இது அவர்ர விரல்தானா?" என்று ஒருமுறை கேட்டார். அவள் ஓம் என்றாள். கணவரின் சம்மதத்துடன் பிரிவு என்று எழுதினார். ரேகை முனை ஸல்ஹாவிடம் இருக்க, மற்றக் கயிற்றை ஊர் பங்கிட்டுக்கொண்டது. இறக்கக்கண்டியிலிருந்து போகும் எந்தப் போட்டிலும் இன்று அதில் ஒரு சுருள் இருக்கும். நான்கு மாதம் கழித்து ஸுஹைர் முறையாக வந்து கேட்டான்.

நிக்காஹ் முடிந்த மறுநாள் அம்ரா, ரேகை பதிந்த முனையோடு ஒரு முழத்தை வெட்டி, புத்தகப் பையின் அறுந்த வாருக்குக் கட்டினாள். வெட்டிய இடத்தை நெருப்பில் காட்டித் தன் விரலால் நசுக்கினாள். இரண்டு ரேகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து ஒருதரம் பார்த்துவிட்டு, குச்சவெளி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினாள்.