நான்கில் ஒன்று

புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

உளவியல் துறையின் வாசனை ஆய்வு அறைக்கு ஜன்னல் கிடையாது. வெள்ளைச் சுவர், வெள்ளை மேசை, தலைக்கு மேல் காற்றை உறிஞ்சும் விசிறி. மேசைக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தம்பி. அக்காவுக்கு இங்கே பல வருடங்களாகச் சோதனை எடுக்கும் வேலை. தம்பி ஓட்டல் மாஸ்டர். போன வருடம் சமையலறை ஈரத்தில் வழுக்கிப் பின்மண்டை தரையில் மோதியது. அன்றோடு மூக்கு செத்துப்போனது.

மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகள் நூலைவிட மெல்லியவை. சல்லடை போன்ற ஓர் எலும்பின் துளைகள் வழியாக ஏறுகின்றன. தலை குலுங்கும் வேகத்தில் அறுந்துவிடும். சிலருக்குத் திரும்பவும் முளைக்கும்.

தம்பிக்கு முளைத்துக்கொண்டிருந்தது. மாதத்துக்கு மாதம் அவன் சரியாகச் சொல்லும் வாசனைகள் கூடின. முதலாளி நல்ல மனிதர், இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். "கேஸ் கசிஞ்சா தெரியணும், எனக்கு அது போதும். உங்க துறையிலேர்ந்து ஒரு வார்த்தை வரட்டும், மறுநாளே அடுப்படிக்கு வரச் சொல்லுங்க" என்றிருந்தார்.

இன்றைக்கு நன்றாகச் செய்தால் அந்த வார்த்தையை எழுதிவிடலாம்.

"கண்ணை மூடிக்கோ."

"இதுல ஒரு சௌகரியம். உன் மூஞ்சியப் பார்க்க வேணாம்."

"வாயை மூடு. மூக்கைத் திற."

அவள் வாசனையை உறிஞ்சும் கரி அடுக்கு வைத்த முகக்கவசத்தை மேலே இழுத்துக்கொண்டாள். நாள் முழுக்கப் பாட்டில்களோடு இருப்பவர்களுக்கு அது இல்லாவிட்டால் தலைவலி பிய்த்துவிடும். முதல் பாட்டிலைத் திறந்து அவன் மூக்கடியில் காட்டினாள். மூடினாள். அட்டையைப் படித்தாள்.

"எலுமிச்சை, சோப்பு, கிராம்பு, புகை."

"கிராம்பு."

சரி. அடுத்தது காப்பித்தூள், சரி. சோப்பு, சரி. கேஸில் கலக்கும் நாற்றம் வந்தபோது அவன் முகத்தையே சுளித்தான். "ஐயோ, கேஸு அக்கா. மூடு, மூடு." வெறும் தண்ணீர் நனைத்த பஞ்சுக்கு உதட்டைப் பிதுக்கி, அட்டையிலிருந்த நான்கில் "ஒண்ணுமில்ல" என்பதைச் சொன்னான்.

பதினாறு பாட்டிலும் சரி.

அவள் சொன்னதும் தம்பி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். "வீட்ல சொல்லிட்டு வர்றேன்" என்று போனைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடினான். அவன் சிரிப்பது கதவுக்கு வெளியே கேட்டது. அக்காவுக்கு மனசு பஞ்சாக இருந்தது. முகக்கவசத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பாட்டில்களை அடுக்கினாள். கேஸ் பாட்டிலின் மூடி சரியாக விழவில்லை. திறந்து மூடப்போனவள் நின்றாள்.

நாற்றமே இல்லை.

கிட்டத்தில் வைத்து முகர்ந்தாள். தண்ணீர். தண்ணீர் என்று ஒட்டியிருந்த பாட்டிலைத் திறந்ததும் கேஸ் நாற்றம் குப்பென்று அடித்தது.

நேற்றுச் சாயங்காலம் பாட்டில்களைக் கழுவி, நிரப்பி, பெயர் ஒட்டியவள் அவள்தான். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இரண்டும் இடம் மாறிவிட்டன. அப்படியானால் தம்பி சொன்னதில் இரண்டு தப்பு, அவ்வளவுதானே என்று ஒரு கணம் ஆறுதலாகக்கூட இருந்தது. அடுத்த கணம் உறைத்தது. தண்ணீருக்கு அவன் முகத்தைச் சுளித்திருந்தான். கேஸுக்கு உதட்டைப் பிதுக்கியிருந்தான். அவள் தப்பு செய்த இடத்தில் அவனும் அதே தப்பைச் செய்திருந்தான்.

பக்கத்து அறையில் இருந்த சக ஊழியரை எல்லோரும் கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தவர் அவள் சொன்னதைக் கேட்டு மூடிவைத்தார்.

"பாட்டிலைத் திறக்கிற ஆளுக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியக் கூடாது. புதுசா வர்ற பசங்களுக்கு நீதானேம்மா இதைப் பாடமா எடுக்கிறே?"

"ரெண்டே பேர் இருக்கோம் சார். ஒருத்தர் நிரப்பி ஒருத்தர் திறக்கணும்னா எங்க நேரம்? எல்லாருக்கும் இப்படித்தானே ஓட்டிக்கிட்டிருக்கோம்."

"எல்லாரும் உன் தம்பி இல்லையே. சொந்தக்காரங்களுக்கு நீ எடுக்காதேன்னு அப்பவே சொன்னேன்."

"வேற யார் எடுத்தாலும் உட்கார மாட்டேன்னுட்டான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, ஸ்டிக்கரை எல்லாம் கிழி. நான் கலைச்சு, நம்பர் மட்டும் போட்டு, புது அட்டையும் எழுதித் தர்றேன். எதுல என்னன்னு என்கிட்ட இருக்கட்டும். நான் உள்ளே வரல. நீயே போய் எடு."

தம்பி முணுமுணுத்துக்கொண்டே மறுபடி உட்கார்ந்தான். "நூத்துக்கு நூறு வாங்கினவனுக்கு எதுக்கு இன்னொரு பரீட்சை?"

"கடைசியா ஒரு தடவை."

அதே அறை, அதே முகக்கவசம், அதே நிதானம். திறந்தாள், காட்டினாள், மூடினாள், படித்தாள். இம்முறை தன் கையில் இருப்பது என்னவென்று அவளுக்கே தெரியாது.

"புதினா, கேஸ், காப்பி, சோப்பு."

தம்பி மூக்கை இன்னும் கிட்டே கொண்டுவந்தான்.

"இன்னொரு தடவை படி."

படித்தாள்.

"என்னக்கா, வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி படிக்கிறே? எப்பவும் படிக்கிற மாதிரி படியேன்."

"எப்பவும் மாதிரிதான்டா படிக்கிறேன்."

"இல்ல. என்னமோ குறையுது." கண்ணை மூடியபடியே அவள் பக்கமாகக் காதைச் சாய்த்தான். "சரி, காப்பின்னு போட்டுக்கோ."

முடித்துவிட்டு விடைகளைக் கண்ணாடியிடம் கொண்டுபோனாள். அவர் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு ஒத்துப்பார்த்தார். பதினாறில் நான்கு சரி. மூக்கே இல்லாத ஒருவன் வாய்க்கு வந்ததைச் சொன்னாலும் நான்கில் ஒன்று சரியாக வரும்.

"கேஸ்?"

"எலுமிச்சைன்னிருக்கான்" என்றார். பிறகு, "போன மாசங்களோடதையும் கணக்குல எடுத்துக்க முடியாதும்மா" என்று மெதுவாகச் சொன்னார்.

அவள் திரும்பி வந்து கதவைச் சாத்தினாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். பாட்டில் மாறியது, பதினாறில் நான்கு, எல்லாம்.

தம்பி நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"அப்போ இத்தனை நாளா நான் பொய் சொன்னேங்கிறியா?"

"இல்லடா. உனக்கு வாசனை வந்துச்சு. பாட்டில்லேர்ந்து வரல. சரியான பேரைப் படிக்கிறப்ப என் குரல் எங்கியோ லேசா ஏறித் தட்டியிருக்கு. அந்தப் பொட்டுத் தகவல் போதும், மூளை மீதியை அதுவே செஞ்சு உன் மூக்குல கொண்டுவந்து வெச்சிடும்."

"உனக்குத் தெரியுமா, தட்டுதுன்னு?"

"சத்தியமாத் தெரியாது. நீ அடுப்படிக்குப் போயிடணும்னு நான்... உன்னைவிட எனக்குத்தான் அவசரம் போல."

"முதலாளிக்கு?"

"எழுத முடியாதுடா. கேஸ் திறந்து கிடந்தா உனக்குத் தெரியாது. நரம்பு முளைக்கிறதுக்கு இன்னும் காலம் இருக்கு. இனிமே கண்ணாடி சார் எடுப்பாரு."

அவன் தலையாட்டினான். கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வரவில்லை. எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். கதவுப்பிடியில் கை வைத்தவன் அப்படியே நின்றான்.

"போன மாசம் என் பாப்பா பொறந்த அன்னைக்கு அவ உச்சந்தலையை மோந்து பார்த்தேன்ல. பால் வாசனை வருதுன்னு ஆஸ்பத்திரியே கேட்கிற மாதிரி கத்தினேன். நீதானே பக்கத்துல நின்னு வருதாடா, வருதாடான்னு கேட்டுக்கிட்டே இருந்தே. சொல்லுக்கா, அதுவும் வரலையா?"