ஆறாம் நம்பர் கூடாரத்து வெள்ளை விரிப்பு

எட்டு வருஷமாக ஹுல்டா அந்த மெத்தைக்கு விரிப்பு போட்டிருக்கிறாள். ஒருநாள்கூட அதில் உட்கார்ந்ததில்லை. காட்டு மிருகங்களைப் பார்க்க வருகிறவர்கள் தங்கும் ஹோவானிப் ஆற்றங்கரை முகாமில் துணி துவைப்பதும் படுக்கை போடுவதும் அவள் வேலை. மழைக்காலத்துக்காக முகாமை மூடுவதற்கு முன்பு, வேலை செய்பவர்களில் ஒருவரைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்து, ஓர் இரவு விருந்தாளியாகத் தங்க வைப்பார்கள். இந்த வருஷம் சீட்டு ஹுல்டாவுக்கு விழுந்தது. வேறு நேரமாக இருந்தால் ஊரைக் கூட்டி ஆடியே தீர்த்திருப்பாள். விழுந்த நேரம் பார்த்து அவளுடைய செவலைப் பசுவைக் காணோம்.

செவலை என்றால் பத்தோடு பதினொன்று என்று நினைத்துவிட வேண்டாம். பஞ்சம் பட்டியைத் துடைத்துவிட்டுப் போனபோது மிச்சம் விட்ட ஒரே மாடு அதுதான். நிறைசினை வேறு. மாடே சொத்தாக வாழும் ஹெரேரோ சனத்தின் வீட்டில் கறந்த பாலை எடுத்த எடுப்பில் வாயில் ஊற்றிக்கொள்ள முடியாது. முற்றத்துப் புனித நெருப்பருகே உட்கார்ந்து குடும்பத்துப் பெரியவர் முதல் வாய் ருசி பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்கு. அந்த நெருப்பு பால் வாசனை அறியாமல் எரிந்து வருஷக் கணக்காகிறது. கடைப் பாக்கெட் பாலை அதன் முன்னால் கொண்டுபோய் வைக்க எவளுக்கு மனம் வரும்? செவலை ஈன்றால்தான் வீடு மறுபடி வீடாகும். அது முந்தாநாள் மேய்ச்சலுக்குப் போனது, திரும்பவில்லை. ஆற்றுப்படுகையில் சிங்கங்கள் இறங்கியிருப்பதாகவும் பேச்சு.

"விருந்தும் வேணாம் மண்ணும் வேணாம். மாட்டைத் தேடப் போறேன்" என்றாள் ஹுல்டா.

"அட கூறுகெட்டவளே!" என்றான் புருஷன். "கழுதை மேல ஏறி நாம எம்புட்டு தூரம் தேடிருவோம்? அவங்க ஜீப்பு காஞ்ச ஆத்துக்குள்ள கடைசி வரைக்கும் போவுது. சும்மா ஏறி உக்காரு. சிங்கம் பாக்க வந்தவங்க சிங்கத்தைப் பாக்கட்டும், நீ மாட்டைப் பாரு."

அதுவும் சரிதான் என்று பட்டது. கல்யாணத்துக்கு எடுக்கும் நீலப் பாவாடை அங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். தலைத்துணியை மாட்டுக்கொம்பு போல இரண்டு பக்கமும் நீட்டிக் கட்டினாள். விருந்தாளி என்றால் விருந்தாளிதான், அதில் என்ன குறை வைப்பது?

முகாம் வாசலில் வழிகாட்டி கசுப்பி நின்றிருந்தான். ஹுல்டாவுக்குத் தாய்மாமன் மகன். மாமன் மகனும் அத்தை மகளும் ஒருவரை ஒருவர் என்ன சொன்னாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது அங்கே முறை. அந்த முறையை அவன் ஒருநாளும் வீணாக்கியதில்லை.

"வாங்க மகாராணி! இந்தக் கொம்போட கூடாரத்துக்குள்ள நுழைவீங்களா, இல்ல கம்பை வெட்டி வாசலை அகலம் பண்ணணுமா?"

"உன் வாயை விடவா மச்சான் அகலம்? பெட்டியைத் தூக்கு. இன்னைக்கு நான் விருந்தாளி."

அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஆறாம் நம்பர் கூடாரத்தில் வைத்தான். காலையில் அவளே போட்ட படுக்கைதான். சுருக்கமில்லாத வெள்ளை விரிப்பு, நாலு மூலையும் மடித்துச் செருகியது. உட்காரப் போனவள் நின்றுவிட்டாள். செவலை எங்கே எந்தப் புதரில் நிற்கிறதோ, இவளுக்கு மெத்தை கேட்கிறதா? விரிப்பை ஒரு தடவு தடவிவிட்டு வெளியே வந்தாள்.

வெயில் தாழ்ந்ததும் ஜீப் கிளம்பியது. பின் இருக்கையில் ஜெர்மனியிலிருந்து வந்த ப்ரிகிட்டேயும் அவள் கணவரும். வந்த நாளிலிருந்து யானை பார்த்தாயிற்று, ஒட்டகச்சிவிங்கி பார்த்தாயிற்று, சிங்கம் மட்டும் கண்ணில் படவில்லை. மறுநாள் காலை விமானம். அந்த அம்மாவின் முகத்தில் பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் களை.

"வண்டியில எந்திரிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது" என்று கசுப்பி முதலில் அவர்களுக்கு அவர்கள் பாஷையிலும், பிறகு ஹுல்டாவுக்குத் தங்கள் பாஷையிலும் சொன்னான். "வண்டியும் நாமளும் ஒரே உருப்படின்னு சிங்கம் நினைச்சுக்கிட்டிருக்கும். எந்திரிச்சா குட்டு உடைஞ்சிரும். உனக்குத்தான் ரெண்டு தடவை சொல்லணும்."

"ஒரு தடவையே போதும். ஓட்டு."

காய்ந்த ஆற்று மணலில் ஜீப் உறுமிக்கொண்டு போனது. எல்லாரும் நிமிர்ந்து பாறைகளைப் பார்க்க, ஹுல்டா மட்டும் குனிந்து மணலைப் பார்த்தாள். நாணல் தொடங்குகிற வளைவில் கசுப்பியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"நிறுத்து, நிறுத்து! குளம்பு! இது செவலையோடது. பின்னங்கால் இடதுல விரிஞ்சிருக்கு பாரு!"

கசுப்பி குனிந்து பார்த்தான். அவன் சிரிப்பு போயே போய்விட்டது. குளம்பு விழுந்த இடத்தின் மேலேயே, அதை மிதித்து அழுத்திக்கொண்டு, வட்டமாக இன்னொரு கால் பதிந்திருந்தது. ஓரம் இன்னும் சரியாத புதுத் தடம்.

"சிங்கமா?" என்று ப்ரிகிட்டே மூச்சு விடாமல் கேட்டாள்.

"சிங்கந்தான்" என்றான் கசுப்பி. பின்னால் இருந்த இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு துள்ளினார்கள். ஹுல்டாவுக்கு அவர்களைப் பிடித்துக் கீழே தள்ளலாம் போல ஆத்திரம் வந்தது. அவர்கள் தேடியதும் இவள் தேடியதும் ஒரே தடத்தில் போயிற்று, கொடுமையைப் பாருங்கள்!

வளைவைத் தாண்டியதும் எல்லாமே ஒரே பார்வையில் தெரிந்தது. நாணலை ஒட்டி செவலை நின்றது. வால் தூக்கி, முதுகு வளைத்து, கால் மாற்றி மாற்றி வைத்தது. ஈனுகிற மாடு கூட்டத்தை விட்டு ஒதுங்குமே, அப்படி ஒதுங்கித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. இந்தப் பக்கம், கல்லெறி தூரத்தில், மூன்று பெண் சிங்கங்கள் வயிறு மணலில் பட ஊர்ந்துகொண்டிருந்தன.

"ஹுல்டா, அசையாத" என்று கசுப்பி கிசுகிசுத்தான். "தங்கமே, இன்னைக்கு ஒருநாள் மட்டும் என் பேச்சைக் கேளு."

அவள் கேட்டாளா? எழுந்தே நின்றுவிட்டாள். பாவாடை காற்றில் விரிய, தலைக்கொம்பு வானத்தில் நீட்டிக்கொண்டு நிற்க, வயிற்றிலிருந்து குரலெடுத்தாள். அங்கே ஒவ்வொரு பசுவுக்கும் ஒரு புகழ்ப்பாட்டு உண்டு. பால் கறக்கும்போது தினமும் காதருகே சொல்லி வளர்ப்பது. கறப்பு நின்று எத்தனையோ நாளாகியும் அது அவளுக்கு மறக்கவில்லை.

"ஏ செவலை! இடி விழுந்த ஊற்றங்கரையில பொறந்தவளே! கோணக்கொம்பி மகளே! புல்லில்லாத வருஷத்துல சருகு தின்னு உசிரைப் பிடிச்சவளே! உன் நெருப்பு உன்னைத் தேடுதுடி! வாடி! வீட்டுக்கு வாடி!"

பாறைக்குப் பாறை அந்தக் குரல் மோதித் திரும்பியது. சிங்கங்கள் சட்டென்று நிமிர்ந்தன. மாடு மேய்ப்பவர்களின் குரலுக்குப் பின்னால் தீப்பந்தமும் வேலும் வரும் என்று அவற்றுக்கும் தாய் சொல்லித் தந்திருக்காதா என்ன? முன்னால் இருந்தது ஒரு நிமிஷம் இவளை முறைத்தது. ஹுல்டா இன்னும் உரக்கப் பாடினாள். கசுப்பி என்ன நினைத்தானோ, "செத்தோம்டி" என்று சொல்லிவிட்டு அவனும் சேர்ந்து பாடியபடி ஜீப்பை நடுவில் கொண்டுபோய் நிறுத்தினான். சிங்கம் திரும்பி நடந்தது. பிறகு ஓடியது. மற்ற இரண்டும் பின்னாலேயே ஓடி மணல்மேட்டில் மறைந்தன.

செவலை காதை ஆட்டியது. தள்ளாடித் தள்ளாடி வந்து ஜீப்பின் கதவில் மூக்கை வைத்தது. ஹுல்டாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கியது.

"சிங்கத்துக்கிட்ட அப்படி என்ன சொன்னீங்கன்னு அந்த ஜெர்மன் அம்மா கேக்குது" என்றான் கசுப்பி.

"சிங்கத்துக்கிட்ட எனக்கென்ன பேச்சு? நான் என் மாட்டோட பேசினேன்."

"உன் கொம்பைப் பாத்து, அடேயப்பா எம்மாம்பெரிய மாடுடான்னுதான் அது ஓடிருக்கும்!"

திரும்பும்போது ஜீப் மாட்டு நடை நடந்தது. செவலை ஒட்டிக்கொண்டே வர, ஹுல்டா கதவுக்கு வெளியே கை நீட்டி அதன் திமிலைப் பிடித்துக்கொண்டே வந்தாள். முகாமுக்குள் நுழைந்ததும் மாடு நீச்சல் தொட்டியைப் பார்த்தது. விருந்தாளிகள் நீந்துகிற அந்தத் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தது. தடுக்க யாருக்கும் தோன்றவில்லை. பிறகு ஆறாம் நம்பர் கூடாரத்து வாசலில் போய்ப் படுத்துவிட்டது.

முன்னங்கால் இரண்டும் வெளியே வந்தன, பிறகு மூக்கு. ஹுல்டா முழங்காலிட்டு இழுத்தாள், கசுப்பி அவளைப் பிடித்து இழுத்தான். சளக்கென்று கன்று மணலில் வந்து விழுந்தது. கிடேரி! நெற்றியில் வெள்ளைச் சுட்டி! ப்ரிகிட்டே கை கொட்டிக் கத்தினாள்.

அஸ்தமிக்கிற நேரம், கடல் பக்கத்துக் குளிர்காற்று வீசத் தொடங்கியிருந்தது. ஈரக் கன்று வெடவெடவென்று நடுங்கியது. செவலை களைத்துப்போய் எழ முடியாமல் கிடந்தது. ஹுல்டா கூடாரத்துக்குள் ஓடினாள். தான் மடித்துச் செருகிய நாலு மூலையையும் ஒரே இழுப்பில் உருவி, வெள்ளை விரிப்பைக் கொண்டுவந்து கன்றைச் சுற்றித் தேய்தேய் என்று தேய்த்தாள். ரத்தமும் சளியும் மணலும் அப்பி விரிப்பு நாசமாயிற்று. கன்று மட்டும் தலையைத் தூக்கி "ம்மா" என்றது.

"ஏய், என்னடி பண்ணி வச்சிருக்க! எட்டு வருஷமா அதுல ஒரு பொட்டு கறை விட்டதில்லையே நீ!" என்றான் கசுப்பி.

"நாளைக்கு நான் வேலைக்காரி, துவைச்சுக்கிறேன்" என்றாள் ஹுல்டா, கன்றின் காதுக்குள் விரலை விட்டுத் துடைத்துக்கொண்டே. "இன்னைக்கு நான் விருந்தாளி மச்சான். இன்னொரு விரிப்பு கொண்டா."