நாலு நாளும் இல்லை என்றேன்

தலையணை உறையை மாற்றும்போதுதான் அந்த வாடை முதலில் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள். என் கணவர் பரசோத்தம் நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக் குழாயில் பால் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். குஜராத்தில் எங்கள் மோர்பி ஊர் டைல்ஸ் தொழிற்சாலையில் இருபது வருஷம் சுமை ஏற்றியவர். தூசிக்கு மாற்று என்று, அங்கே எல்லோரையும்போல, மாவாப் புகையிலையை வலது கன்னத்தில் அடக்கியே வைத்திருப்பார். புற்று வந்த அந்தக் கன்னத்தைத்தான் வெட்டியெடுத்துவிட்டு, மார்புச் சதையை மேலே இழுத்துத் தைத்திருந்தார்கள்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. கிளம்பும்போதே டாக்டரம்மா சொல்லியிருந்தார். "காய்ச்சல், சீழ், கெட்ட வாடை. எது வந்தாலும் அன்னைக்கே கூட்டிட்டு வந்துடுங்க. வச்ச சதை அழுகிட்டா எல்லாம் வீண்."

அன்று சாயங்காலம் அவருடைய அக்கா ஜமுபென் வந்தார். வாசலைத் தாண்டியதுமே சேலைத் தலைப்பு மூக்குக்குப் போய்விட்டது.

"என்ன லாபு, இப்படி நாறுது? எப்படிப் பக்கத்துல படுக்கிற?"

டீயைத் தொடாமலே போய்விட்டார். பேச்சும் வராது, குழாய் போட்ட மூக்கில் வாடையும் தெரியாது என் கணவருக்கு. நோட்டை எடுத்து எழுதிக் காட்டினார்: 'நாறுதா?'

வீட்டுக் கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்ன மனிதர். என்ன சொல்வேன்?

"இல்லீங்க. உங்க அக்காவுக்கு நம்ம வீட்டுல எதுதான் மணந்திருக்கு?"

அவர் தோள்கள் குலுங்கின. சிரிப்புதான். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் சிரிப்பு. அடுத்த மூன்று நாளும் கேட்டார். மூன்று நாளும் இல்லை என்றேன். சாமிக்கு இரண்டு ஊதுபத்தி ஏற்றுகிறவள் ஆறு ஏற்றினேன். அவர் நெற்றி சுட்டது. வெயில் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் விடிந்தபோது கழுத்துத் தையல் வழியாக எச்சில் ஒழுகியது.

ராஜ்கோட்டில் டாக்டரம்மா கட்டைப் பிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இத்தனை நாளா வாடையே வரலையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் எழுதி நீட்டினார்: 'தினமும் கேட்டேன். இல்லைன்னு சொன்னா.'

செத்த சதையை எடுத்த இடத்தில் கன்னம் ஓட்டையாகிவிட்டது. புண் ஆறினால்தான் மறுபடி ஒட்ட முடியுமாம். தொடங்க வேண்டிய கதிர்வீச்சும் தள்ளிப்போனது. "தள்ளிப்போனா என்னம்மா ஆகும்?" என்று கேட்டேன். "நல்லதில்லை" என்றார் டாக்டரம்மா.

இப்போது தினமும் ஜமுபென்தான் வந்து கட்டு மாற்றுகிறார். என் கை பட என் கணவர் விடுவதில்லை.

"பரசு, நேத்தைக்கு இன்னைக்குத் தேவலை. ஆனா நாறத்தான் செய்யுது" என்று ஜமுபென் சொல்வது அடுப்படிவரை கேட்கும். என் கணவர் நிம்மதியாகத் தலையசைப்பதையும் பார்த்திருக்கிறேன்.

இன்று காலை கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போனேன். ஜன்னல் வெளிச்சத்துக்கு முகத்தைச் சாய்த்து, அக்காவின் விரல்களுக்குக் கன்னத்தைக் கொடுத்திருந்தார். நான் உள்ளே கால் வைத்ததும், மடியில் கிடந்த துண்டை எடுத்துக் கன்னத்தை மூடிக்கொண்டார்.