லோகநாதன் உப்பும் மனோரமா உப்பும்

வாணியம்பாடிக்கு வெளியே, பாலாற்றங்கரையில் ஒரு தோல் ஆய்வுக்கூடம் இருந்தது. அதன் தலைவர் சீனிவாசன் பொறுப்பேற்ற வாரமே ஓர் உத்தரவு போட்டார். அச்சிலோ மாநாட்டு மேடையிலோ வரும்வரை ஆய்வு முடிவுகளை யாரும் யாரிடமும் சொல்லக்கூடாது. வெளிநாட்டுக்காரர்கள் அவற்றைத் திருடக் காத்திருப்பதாக அவர் உண்மையாகவே நம்பினார். அதுவரை அங்கே வந்த ஒரே வெள்ளைக்காரர் ஏலகிரிக்கு வழி கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

உத்தரவை அப்படியே கடைப்பிடித்தவர்கள் இருவர். ஒருவர் லோகநாதன், ரசாயனம் படித்தவர். இன்னொருவர் மனோரமா, அவரும் ரசாயனம் படித்தவர். லோகநாதனின் மனைவி.

காலையில் ஒன்றாக நடந்து வருவார்கள். பிறகு ஆளுக்கொரு அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்வார்கள். வீட்டில் ரசத்துக்கு உப்பு போதுமா என்று பேசலாம். தோலுக்கு உப்பு என்று பேச்சு திரும்பினால் லோகநாதன் எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவார். "பெண்சாதியிடம்கூட வாய் திறக்காதவர்" என்று சீனிவாசன் அவரைக் கூட்டத்தில் பாராட்டினார். மனோரமாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. அன்றிலிருந்து அவரும் தன் நோட்டைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் மதராஸில் தோல் மாநாடு நடந்தது. பச்சைத் தோல் அழுகாமலிருக்க வழக்கத்தில் பாதி உப்பே போதும் என்று லோகநாதன் பேசினார். பலத்த கைதட்டல். அடுத்து மனோரமா எழுந்தார். தலைப்பு அதேதான். பாதி உப்பு போட்டால் தோல் நாறிப்போகும் என்பது அவருடைய முடிவு.

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி வைத்திருந்த ஆபித் பாஷா கூட்டத்திலிருந்து எழுந்தார்.

"உப்பு ஜாஸ்தி போடணுமா, கம்மி பண்ணணுமா? சாயங்காலம் எனக்கு லோடு வருது."

மனோரமா மேடையிலிருந்தே கணவரைப் பார்த்தார். "நீங்க இன்னா உப்பு போட்டீங்க?"

"உப்புன்னா உப்புதான்! நீ இன்னா தோல் எடுத்த?"

"தோலுன்னா தோல்தான்!"

இருவர் நோட்டிலும் அவ்வளவுதான் எழுதியிருந்தது. மாநாட்டுத் தலைவர் அவசரமாகக் காபிக்கு மணியடித்தார்.

திரும்பும் ரயிலில் அரக்கோணம்வரை ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அதன்பின் மனோரமா நோட்டை எடுத்துக் கணவர் மடியில் போட்டார்.

"பாருங்க. உத்தரவு ஆபீசுக்குத்தான், ரயிலுக்கு இல்ல."

லோகநாதன் சற்றுத் தயங்கித் தன் நோட்டையும் பிரித்தார். கேட்டுக் கேட்டுப் பார்த்ததில் இருவரும் ஒரே கடை உப்பைத்தான் வாங்கியிருந்தார்கள். தோலும் ஆட்டுத்தோல்தான். ஆனால் லோகநாதன் 'முதல் நாள், இரண்டாம் நாள்' என்று எழுதியிருந்தார். மனோரமா 'திங்கள், செவ்வாய்' என்று. மாதத்தை இருவருமே எழுதவில்லை.

"எப்ப செஞ்சீங்க இத?"

"உங்க அக்கா ஜெயம்மாள் வந்து தங்கினாங்களே, அப்ப. தினம் லேட்டா வந்தேனே."

"அக்கா மூஞ்சியப் பாக்கப் புடிக்காமன்னு நெனச்சேன்."

"அதுவும்தான்."

மனோரமா முறைத்தார். பிறகு அவர் முகம் மாறியது. "அக்கா வந்தது மார்கழி. போர்வை பத்தலன்னு சண்ட போட்டாங்க. நான் செஞ்சது சித்திர வெயில்ல!"

"குளிருக்குப் பாதி போதும், வெயிலுக்குப் பத்தாது. அப்ப ரெண்டு பேரும் சரிதான்."

"ரெண்டு பேரும் அரைகுறை."

லோகநாதன் சிரித்துவிட்டார். மனைவியோடு வேலையைப் பற்றிப் பேசுவது இத்தனை சுகமாக இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

இருவரும் சேர்ந்து எழுதிய அறிக்கையைச் சீனிவாசன் புரட்டினார். "மார்கழிங்கறதுக்கு ஆதாரம்?"

"எங்க அக்கா, சார்."

அந்த ஆதாரம் ஏற்கப்படவில்லை. முழுவதையும் மறுபடி செய்யச் சொன்னார். ஆனாலும் ஆய்வுக்கூடம் மாநாட்டில் பட்ட அவமானம் அவரை உறுத்தியது. எல்லோரும் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும், மாதம், பொருள், இடம் எல்லாம் எழுத வேண்டும் என்று புதிதாக ஒரு சுற்றறிக்கை தயாரித்தார். டைப்பிஸ்ட் பழக்க தோஷத்தில் அதன் தலையில் 'ரகசியம்' என்று முத்திரை குத்திவிட்டார். எனவே அது பத்திரமாக அலமாரிக்குள் போனது.

லோகநாதனும் மனோரமாவும் அதற்காகக் காத்திருக்கவில்லை. அடுத்த சித்திரையில் ஒரே கொட்டகையில் தோலை அடுக்கி, ஒரே நோட்டில் எழுதினார்கள். கணவரின் கையெழுத்து அவருக்கே புரியாததால் பேனா மனோரமாவிடம் இருந்தது.

"முப்பத்தொம்போது!" என்று லோகநாதன் உள்ளிருந்து கத்தினார்.

"இன்னா முப்பத்தொம்போது? கொட்டாய் சூடா, தோல் சூடா?"

வெப்பமானி எங்கே செருகியிருக்கிறது என்று லோகநாதன் மறுபடியும் குனிந்து பார்த்தார்.