என் நம்பருக்கு ஒரு போன்

என் வீட்டுக்காரர் கொளஞ்சியப்பனுக்கு மோட்டார் காயில் கட்டத் தெரியும், எந்தக் கிணற்றிலும் இறங்கத் தெரியும். ஒருவர் பேசியதை இன்னொருவரிடம் சொல்ல மட்டும் தெரியாது. எங்கள் மகள் நர்மதா தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மலையிலிருந்து அவருக்குப் போன் செய்வாள். இருபது நிமிடம் பேசுவார், சிரிப்பார், தொடையில் தட்டிக்கொள்வார். போனை வைத்த பிறகு என்ன சொன்னாள் என்று கேட்டால் "நல்லாருக்காளாம்" என்பார். இருபது நிமிடப் பேச்சில் என் பங்குக்கு வருவது அந்த ஒரு வார்த்தைதான்.

எனக்கு முப்பத்தைந்து வயதில் காது மந்தமாகிவிட்டது. இப்போது நாற்பத்தேழு. காதில் மாட்டியிருந்த பழைய மெஷினை வைத்துக்கொண்டு எதிரில் நிற்பவர்களிடம் ஒப்பேற்றிவிடுவேன். ஆனால் போனைக் காதருகே கொண்டுபோனால் மெஷின் விசில் அடிக்கும், அந்தச் சத்தத்தில் யார் பேசினாலும் ஒன்றுதான். இரண்டு முறை முயன்று பார்த்து, மூன்றாவது முறை போனைத் தூக்கித் துணிக்கூடையில் எறிந்தேன். அதோடு போன் பேச்சு அவருடைய இலாகா ஆகிவிட்டது.

காது கேட்காதவர்களிடம் எல்லோரும் கத்திப் பேசுகிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கத்திப் பேசுகிறவர்கள் சுருக்கமாகப் பேசுகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியாது. தொண்டை கிழியக் கத்திக்கொண்டே யாராவது ஊர்க்கதை பேசுவார்களா? பன்னிரண்டு வயதிலிருந்து நர்மதா என்னிடம் சொன்னதெல்லாம் "சாப்ட்டாச்சு", "பாஸாயிட்டேன்", "பஸ் வந்துடுச்சு" வகைதான். போன ஜூன் மாதம் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஓர் உறைவிடப் பள்ளியில் டீச்சர் வேலை கிடைத்து அவள் போனபின் அதுவும் நின்றுபோனது. அங்கே பள்ளியில் சிக்னல் கிடையாது. வேலை முடிந்து மேலே ரோட்டு வளைவு வரைக்கும் நடந்துவந்துதான் பேச வேண்டும். அவ்வளவு தூரம் நடந்து வருகிறவள் பேசுவது அவள் அப்பாவிடம்.

இந்தத் தை மாதம் பழைய மெஷின் செத்துப்போனது. கள்ளக்குறிச்சியில் காது மெஷின் கொடுக்கும் சென்டருக்குப் போனோம். மலர்விழி என்ற பெண், நர்மதா வயதுதான் இருக்கும், பரிசோதித்துவிட்டுப் புது வகை ஒன்றைக் காட்டினாள். இதில் புளூடூத் இருக்கிறதாம். போனைக் காதில் வைக்கவே வேண்டாமாம், பேசுகிறவர் குரல் நேராக இரண்டு காதுக்குள்ளும் வந்து விழுமாம். மணி அடித்தால் காதிலிருக்கும் பொத்தானை அமுக்கிவிட்டு நாம் பாட்டுக்குப் பேசலாமாம். பத்து நாள் போட்டுப் பாருங்கள், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றாள். அங்கேயே மனதுக்குள் ஒரு முடிவு எடுத்துக்கொண்டேன். பத்து நாளுக்குள் நர்மதா அவள் அப்பாவிடம் பேசுவதுபோல் என்னிடம் பேச வேண்டும். இல்லையென்றால் இந்த மெஷினையும் கொடுத்துவிட்டு அந்த ஆசையையும் விட்டுவிட வேண்டும். சாதாரண மெஷினே எனக்குப் போதும்.

"உங்க போனக் குடுங்கம்மா, கனெக்ட் பண்ணிடலாம்" என்று மலர்விழி கையை நீட்டினாள். எனக்கென்று ஒரு பட்டன் போன் இருக்கத்தான் செய்கிறது, தையல் மிஷின் டிராயரில் பாபின்களோடு கிடக்கும். ஆனால் ரேஷன் கார்டிலிருந்து கேஸ் சிலிண்டர்வரை எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அவர் நம்பர்தான். போன் என்று யார் கேட்டாலும் அவர் கைதான் சட்டைப் பைக்குப் போகும். அன்றும் போனது. அவர் எடுத்துக் கொடுத்தார், அந்தப் பெண் இணைத்துக் கொடுத்தாள். மூன்று பேரில் ஒருவருக்கும் அதில் தப்பு தெரியவில்லை.

சங்கராபுரத்தில் எங்களுக்கு ஒரே கடை. முன்பக்கம் என் தையல் மிஷின், பின்பக்கம் அவருடைய மோட்டார் பட்டறை. மறுநாள் காலையில் நான் கொக்கி தைத்துக்கொண்டிருந்தபோது காதுக்குள் மணி அடித்தது. பின்பக்கம் அவர் போனை எடுத்து அலோ, அலோ என்று கத்திக்கொண்டிருந்தார். என் காதிலோ மணலூர்பேட்டை சடையன் என்கிற ஒரு விவசாயி, மோட்டார் உறுமுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்று தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தையல் மிஷின் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றுகூடக் கேட்டார். நான் திரும்பி, "மோட்டார் உறுமுதாம், தண்ணி ஏறலயாம்" என்றேன். எனக்குச் சாமி வந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, இவர் போனைக் கீழே வைத்துவிட்டார்.

மூன்று நாள் சுற்றுவட்டார மோட்டார்கள் எல்லாம் என் காதுக்குள் ஓடின. கடைக்குள் அவர் இருக்கிறவரை எந்தப் போன் வந்தாலும் எனக்குத்தான் கேட்கும். புளூடூத்தை எப்படி அணைப்பது என்று மலர்விழி எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். நான் அவரிடம் மூச்சு விடவில்லை. ஒவ்வொரு தடவையும் ஓடிவந்து என் முன்னால் நின்று "இன்னா சொன்னாரு?" என்று கேட்பார்.

"மோட்டார் சரியில்லயாம்."

"எந்த ஊரு? எத்தன எச்பி?"

"அதெல்லாம் எனக்கு இன்னாங்க தெரியும்?"

பன்னிரண்டு வருடக் கணக்கு, கொஞ்சமாவது தீர வேண்டாமா? அப்புறம் பாவம் பார்த்து முழுசாகச் சொல்லிவிடுவேன். அந்த மூன்று நாளும் ஆறு மணிக்கு அவர் ஏதாவது ஒரு கிணற்றடியில் இருந்ததால் நர்மதாவின் போன் மட்டும் எனக்கு அகப்படவில்லை.

நாலாம் நாள் சாயங்காலம் கடையில்தான் இருந்தார். கையெல்லாம் காயிலுக்குப் பூசும் வார்னிஷ். மணி அடித்தது, நான் பொத்தானை அமுக்கினேன்.

"ப்பா, இன்னிக்கு ஒரு கூத்து நடந்துச்சுப்பா" என்று ஆரம்பித்தாள்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி காட்டில் பொறுக்கிய கடுக்காயைக் கொண்டுவந்து, ரொம்ப இனிப்பாக இருக்கும் டீச்சர் என்று கொடுத்திருக்கிறாள். இவளும் நம்பி ஒரு கடி கடித்துவிட்டாள். வாய் மொத்தமும் சுருங்கிப்போய் பேச்சே வரவில்லையாம். உடனே வகுப்பு முழுக்க எழுந்து நின்று, டீச்சர் உங்க பேரைச் சொல்லுங்க, ஊரைச் சொல்லுங்க என்று கேட்டு மானத்தை வாங்கியிருக்கிறார்கள்.

கதை பாதிதான் என் மண்டையில் ஏறியது. மீதி நேரமெல்லாம் நான் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். என் மகளுக்கு இவ்வளவு மெல்லிய குரல் என்று எனக்குத் தெரியவே தெரியாது. வேகமாகப் பேசுகிறாள், சில வார்த்தைகளைப் பாதியில் விழுங்குகிறாள், சிரிக்கப் போகுமுன் மூக்கால் ஒரு மூச்சு விடுகிறாள். என் மாமியார்போல அவளும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். வாயைத் திறந்தால் அவள் பேச்சு நின்றுவிடுமோ என்று பேசாமல் இருந்தேன்.

"அம்மாகிட்ட சொல்லிடாதப்பா" என்றாள் கடைசியில். "கத்திச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள சிரிப்பே போய்டும்."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இருந்தாலும் சுருக்கென்றது.

"நான்தாண்டி கேட்டுக்கினு இருக்கேன்" என்றேன்.

அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு கத்தல். "அம்மா! சாப்ட்டியா! மாத்திர போட்டியா!" இரண்டு காதும் அதிர்ந்துபோயின. கத்தாதே, நன்றாகக் கேட்கிறது என்றேன். சரிம்மா என்றாள். வேறென்ன என்றேன். ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன் என்றாள். கொஞ்ச நேரம் மலைக்காற்று மட்டும் என் காதில் அடித்தது. அப்பாகிட்ட குடும்மா என்றாள். எழுந்துபோய்ப் போனில் புளூடூத்தை அணைத்து அவர் கையில் கொடுத்தேன்.

"இது உனக்குத் தெரியுமா?" என்றார். நான் தையல் மிஷினுக்குத் திரும்பிவிட்டேன்.

மெஷின்மேல் குற்றமில்லை என்பதை நினைத்துத்தான் எனக்கு அழுகையாக வந்தது. அது அதன் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டது. என்னோடு பேசுவது எப்படி என்று என் மகளுக்குத்தான் பழக்கமில்லை. சோறு போடும்போது அவரிடம், பத்தாம் நாள் இதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்றேன். அவர் ரசத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

காலையில் பார்த்தால் அவருடைய பெரிய போன் என் தையல் மிஷின் மேல் இருந்தது. என் பட்டன் போன் அவர் சட்டைப் பையில் இருந்தது. இரண்டிலும் சிம்மை மாற்றிப் போட்டிருந்தார். என் நம்பருக்கு ரீசார்ஜும் செய்திருந்தார். வார்னிஷ் கைக்கு இந்தச் சின்னப் போன்தான் தோது என்று ஒரு காரணம் வேறு சொன்னார். கிளம்பும்போது வாசலில் நின்று, "புள்ளைக்கு உன் நம்பரக் குடுத்திருக்கேன்" என்றார். இந்த மனிதருக்குப் பேசத் தெரியாது என்றுதானே சொன்னேன், வேறெதுவும் தெரியாது என்று சொல்லவில்லையே.

புளூடூத்தை மறுபடி போட்டுக்கொண்டேன். என் நம்பருக்கு முதலில் வந்தது ரீசார்ஜ் திட்டம் பற்றிய பதிவுக் குரல். கடைசிவரைக்கும் கேட்டேன். அடுத்து ஒரு பெண் லோன் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல மனம் வராமல் அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, சாப்பிட்டியாம்மா என்று விசாரித்து அனுப்பினேன். நர்மதா வரவில்லை. ஆறு மணியானால் பின்பக்கம் பட்டன் போன் அடிக்கும், அவர் பேசுவார், நடுவில் என்னிடம் நீட்டுவார். என்னிடம் பேச வேண்டுமென்றால் என் நம்பருக்குப் பண்ணட்டும் என்று சொல்லிவிட்டேன். "உன் வீம்புக்கு ஒரு அளவே இல்ல" என்றார். இல்லைதான்.

எட்டாம் நாள் ராஜாம்பாள் வந்தாள். அடுத்த தெருக்காரி. மூன்று மாதத்துக்கு முன் நான் தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டோடு வந்து, நடைப்பயிற்சி போய் இளைத்துவிட்டேன், இரண்டு பக்கமும் பிடித்துக் கொடு என்றாள். போட்டுப் பார்க்கச் சொன்னால் கொக்கி மாட்டவே இல்லை. கொக்கிமேல் பழியைப் போட்டுவிட்டாள். நான் பேசாமல் வாங்கி, பிடிப்பதற்குப் பதிலாக இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலம் பிரித்துவிட்டுக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தவள், பார்த்தியா, பிடித்தபிறகுதான் கச்சிதமாக இருக்கிறது என்று கண்ணாடி முன்னால் மூன்று சுற்றுச் சுற்றினாள்.

அவள் படி இறங்கும்போது எனக்குச் சிரிப்பு தாளவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். மணி ஆறாகப் போகிறது. வீம்பெல்லாம் எங்கே போனதோ, நர்மதாவுக்கு அடித்துவிட்டேன். வளைவுக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

"இன்னாம்மா? அப்பாவுக்கு இன்னா ஆச்சு?" என்று பதறினாள்.

"உங்கப்பாவுக்கு ஒண்ணுமில்ல. ராஜாம்பாள் இப்பதான் போறா, கேளு" என்று கிசுகிசுத்தேன். அவள் இன்னும் எங்கள் வாசலைத் தாண்டவில்லை, சத்தமாகப் பேசவா முடியும்?

நான் கிசுகிசுத்ததால் நர்மதாவும் கிசுகிசுத்தாள். "எந்த ராஜாம்பாளு, நாய் வளக்குதே அதுவா?" என்றாள். மலைமேல் தனியாக நிற்கிறவளுக்கு யாருக்குப் பயந்து கிசுகிசுப்பு? ஆனால் புறம் பேசும்போது குரல் தானாகத் தணிந்துவிடுகிறது. நான் ஜாக்கெட் கதையைச் சொல்லச் சொல்ல அந்த மூக்கு மூச்சு வந்தது, பின்னாலேயே சிரிப்பு வந்தது. என் இரண்டு காதும் நிறைய அவள் சிரித்தாள். அப்புறம் அவளுடைய ஹெட்மாஸ்டர் தலைக்கு டை அடித்துக்கொண்டு மழையில் மாட்டிய கதையைச் சொன்னாள். ஆறரை ஆகிவிட்டது. பட்டன் போனைக் கையில் வைத்துக்கொண்டு பின்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தவரை, போங்கள் என்று விரட்டிவிட்டேன்.

ஒன்பதாம் நாள் மலையில் சிக்னலே இல்லை. இருவருக்குமே போன் வரவில்லை.

பத்தாம் நாள் காலை மெஷின் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு சங்கராபுரம் பஸ் நிலையத்துக்குப் போனேன். காதில் மெஷின் இருந்தது, மனதில் முடிவு இல்லை. ஒருநாள் பேசினோம், சரி. ஆனால் நானாகப் போன் செய்ததால்தானே பேசினாள்? கூப்பிட்டவளிடம் யாரும் பேசத்தான் செய்வார்கள். நானாக வலிந்து வலிந்து கூப்பிட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது, எனக்கும் ரோஷம் இருக்கிறது. இப்படி யோசித்துக்கொண்டிருக்கையில் காதுக்குள் மணி அடித்தது.

நர்மதா. மணி பதினொன்று, வகுப்பு நடக்கிற நேரம். மலையில் ஜீப்பு கவிழ்ந்ததா, காய்ச்சலா என்று என்னென்னவோ ஓடியது. அவசரமாகப் பொத்தானை அமுக்கினேன்.

"இன்னாடி ஆச்சு?"

"ஒண்ணும் ஆவலம்மா" என்றாள் மெல்ல. "நோட்டு வாங்க வெள்ளிமலைக்கு வந்தேன். சிக்னல் நல்லாருந்துச்சு. சும்மாதான் பண்ணேன்."

என் நம்பருக்கு, என்னைத் தேடி, காரணமே இல்லாமல். அப்படியே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"அம்மா, லைன்ல இருக்கியா? வேலையா இருக்கியா?"

"ஒரு வேலையும் இல்ல" என்றேன். "பேசு."

கள்ளக்குறிச்சி பஸ் வந்து எதிரில் நின்றது. ஏறவில்லையா என்று கண்டக்டர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நீ போப்பா என்று நானும் கையை ஆட்டினேன்.