கறுப்புப் பந்து வரைக்கும்

கொட்டகலை பஸாரில், பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த வாலிபர் மன்றத்துக்கு, கம்பால் பந்தைத் தட்டிக் குழியில் விழுத்தி ஆடும் பூல் மேசை ஒன்று வந்தது. வந்த அன்றே ஆம்பளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். தேயிலைத் தோட்டத்துப் பாலர் பாடசாலை டீச்சர் நிரோஜினி கம்பைக் கையில் எடுத்தபோது ஏதோ திருடியவளைப் போலப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று அவள் ஆடினாள்.

லயத்து வரிசை வீடுகளில் கேரம் ஆடி வளர்ந்த கை அது. கோணம் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சட்டம்தான் தெரியாது. மன்றச் செயலாளர் றோலண்டிடம் கேட்டாள். ஒருத்தருக்குக் கோடு போட்ட ஏழு பந்து, மற்றவருக்குக் கோடில்லாத ஏழு என்றார்.

"அப்ப கறுப்பு யாருக்குண்ணே?"

"அது கேரம்ல செவப்புக் காய் மாதிரிதாம்மா. போங்க, வெளையாடுங்க."

மறுபடி ஒருநாள் கேட்டாள். போனிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல் அதையே சொன்னார்.

பள்ளி விட்டு வந்து அவள் நாலு பந்து போடுவதற்குள் ஆம்பளைகள் வந்துவிடுவார்கள். "கொஞ்சம் விடுங்க டீச்சர்" என்று கம்பை வாங்கிக்கொள்வார்கள். அவளும் பஸ்ஸுக்கு ஓடுவாள். ஒரு ஆட்டத்தைக்கூடக் கடைசிவரை ஆடவோ பார்க்கவோ கொடுத்துவைக்கவில்லை.

ஹட்டனில் நடக்கும் பூல் போட்டிக்கு மன்றத்திலிருந்து ஒருவர்தான் போகலாம். மன்றத்திலேயே கெட்டிக்கார ஆட்டக்காரன் கிறிஸ்டியன் அந்த இடத்துக்கு நின்றான்; அவனை எதிர்த்து ஆட யாருக்கும் தைரியமில்லை. நிரோஜினி பெயர் கொடுத்தாள். அந்த இடம் அவளுக்கு வேண்டும். அப்படியொரு ஆசை அவளுக்கு வேறெதிலும் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அவர்கள் இருவரின் ஆட்டத்தைப் பார்க்க மன்றமே கூடிவிட்டது. கிறிஸ்டியனுக்கு இன்னும் மூன்று பந்து கிடந்தது. அவளுக்கு ஒன்றுதான். அதுவும் குழி வாசலிலேயே நின்றது, ஊதினால் விழும். ஆனால் கேரத்தில் சிவப்பை எடுக்காமல் கடைசிக் காயைப் போட்டால் ஆட்டம் போச்சு. சிவப்பைப் போட்டுவிட்டு அடுத்த அடியிலேயே சொந்தக் காயையும் போட வேண்டும். அதனால் அந்த லேசான பந்தை அப்படியே விட்டுவிட்டு, தூரத்து மூலையில் கிடந்த கறுப்புக்குக் குறிபார்த்தாள். கூட்டம் கப்சிப் என்று ஆனது. தன் துணிச்சலைப் பார்த்து வாயடைத்துப் போனார்கள் என்று நினைத்தாள், பாவம்.

அடித்தாள். கறுப்பு அழகாக விழுந்தது.

மாடியே இடிந்துவிடும்போலச் சிரித்தார்கள். "கறுப்பு கடைசியில டீச்சர்! முன்னாடி போட்டா தோல்வி!" என்றான் ஒருவன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. கிறிஸ்டியனின் கையைக் குலுக்க வரிசையில் நின்றார்கள்.

நிரோஜினி கம்பை மேசைமேல் போட்டாள். நேரே றோலண்டிடம் போனாள்.

"ரெண்டு தடவ கேட்டேனேண்ணே. ஏன் சொல்லல?"

அவர் மழுப்பக்கூட இல்லை. உள்ளதைத்தான் சொன்னார். "கறுப்பு வரைக்கும் நீங்க வருவீங்கன்னு யாரும்மா நெனச்சா?"

"வந்துட்டேனே!" என்று கத்தினாள் நிரோஜினி. அதற்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை.